ஐபிஎம்ஐடூல்: வன்னி வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் ஈடுகொடுக்குமா?

ஏ9 வீதியோரக் கிளை அலுவலகம் ஒன்றில் சேர்வர் விழுந்தால், அதைத் திருத்தத் தெரிந்தவர் பெரும்பாலும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோதான் இருப்பார். அவர் பஸ் ஏறி வந்து சேர அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை மிச்சம் பிடித்துத் தருவது ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைவரி மென்பொருள். காசு இல்லை, உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் இதே பெயரில் கிடைக்கிறது. சேர்வர் போர்டில் தனியாக ஓடும் பிஎம்சி என்ற சிறு கணினியோடு இது பேசும். லினக்ஸ் உறைந்தாலும் சேர்வர் அணைந்தே கிடந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பிஎம்சி பதில் சொல்லும். வருவதெல்லாம் வெறும் எழுத்து. அதனால் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோடு சிக்னலிலும் வேலை நடக்கும்.

நிறுவியவுடன் 'டெவ் ஐபிஎம்ஐ0' திறக்கவில்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 'ஐபிஎம்ஐ எஸ்ஐ', 'ஐபிஎம்ஐ டெவ்இன்ட்எஃப்' என்ற இரு லினக்ஸ் மொட்யூல்களையும் (இயக்கிகளை) மோட்புரோப் கட்டளை மூலம் ஏற்றினால் சரி. வெளியிலிருந்து வலைப்பின்னல் வழியாக இணைய 'லான்பிளஸ்' இடைமுகம் வேண்டும். பல தயாரிப்புகளில் இது தொடக்கத்தில் மூடியே இருக்கும், சேர்வருக்கு முன்னால் நிற்கும்போதே திறந்து வையுங்கள்.

'எஸ்டிஆர் எலிஸ்ட்' கட்டளை தரும் சென்சர் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம். பெரும்பாலான சேர்வர்களுக்கு 35 பாகைதான் எல்லை. ஏசி நின்ற தகரக் கூரை அறை சித்திரை வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். உள்ளிழுக்கும் வெப்பம் மாறாமல், விசிறிச் சுற்றும் வெளியேறும் காற்றின் வெப்பமும் வாராவாரம் ஏறினால் அது ஏசியின் குற்றமல்ல. சேர்வரின் வேலைப்பளு கூடவில்லை என்றால், பெரும்பாலும் கச்சான் காற்று கொண்டுவந்த புழுதி ஹீட்சிங்க்கில் (சூடு கடத்தும் உலோகத் தகட்டில்) படிந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டைக் கருவி தானாகச் செய்யாது. நேரத்துக்கு வேலையை ஓட்டும் கிரொன் போட்டு மணிக்கொரு தரம் கோப்பில் சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

இங்கே எல்லோரும் தவறுவது மின்வெட்டுக்குப் பின் சேர்வர் எழும்பும் விதத்தில். 'சேசிஸ் பொலிசி' என்ற கட்டளைக்கு மூன்று தெரிவுகள்: 'ஓல்வேஸ் ஓன்' (எப்போதும் எழும்பும்), 'ப்ரீவியஸ்' (முந்தைய நிலைக்கே திரும்பும்), 'ஓல்வேஸ் ஓஃப்' (அணைந்தே இருக்கும்). பலர் 'ப்ரீவியஸ்' நல்லதென்று வைக்கிறார்கள். ஆனால் யூபிஎஸ் பற்றரி இறங்கும்போது, அதைக் கவனிக்கும் என்யூடி மென்பொருள் சேர்வரை ஒழுங்காக அணைத்திருந்தால், முந்தைய நிலை 'அணைந்தது' என்றே பதிவாகும். கரண்ட் வந்தாலும் அது எழும்பாது. ஆகவே என்யூடி இருக்கும் இடத்தில் 'ஓல்வேஸ் ஓன்'தான் சரி. அதிலும் ஒரு பொறி உண்டு: சேர்வர் அணைந்த பிறகு, யூபிஎஸ் முழுதாக இறங்குமுன் கரண்ட் வந்துவிட்டால் பிளக்கில் மின்சாரம் அறவே அறுபடாது, பொலிசியும் வேலை செய்யாது. சேர்வரை அணைத்த கையோடு யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை வெட்டும்படி என்யூடியில் அமைக்க வேண்டும். சில போர்டுகளில் பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்பே மேலோங்கும், ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். மறந்தாலும் கதை முடியவில்லை, 'சேசிஸ் பவர் ஓன்' தூரத்திலிருந்தே எழுப்பும்.

'செல் எலிஸ்ட்' நிகழ்வுப் பதிவேட்டைக் காட்டும். எந்த பவர் சப்ளை எத்தனை மணிக்கு மின்சாரம் இழந்தது, எந்த ரேம் பிழை காட்டியது எல்லாம் அதில் இருக்கும். பதிவேடு சிறியது. நிரம்பினால் பல பிஎம்சிகள் புதிதாக எழுதுவதையே நிறுத்திவிடும், அதைச் சத்தமாகச் சொல்வதுமில்லை. 'செல் இன்ஃபோ'வில் சதவீதம் பார்த்து, கோப்பில் சேமித்துவிட்டு அழியுங்கள். பிஎம்சியின் கடிகாரத்தைச் சரிசெய்யும் 'செல் டைம் செட் நவ்' போடாவிட்டால் 1970ஆம் ஆண்டுத் திகதியோடு வரிகள் வந்து குழப்பும்.

பாதுகாப்புத்தான் பெரிய குறை. பிஎம்சியோடு பேசும் நெறிமுறையான ஐபிஎம்ஐயின் 2.0 பதிப்பு வந்தது 2004இல். உள்நுழையக் கேட்பவருக்கு, கடவுச்சொல்லைச் சரிபார்க்குமுன்பே அதன் ஹேஷை (கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க உதவும் குறியீட்டை) பிஎம்சி கொடுத்துவிடும். இது மென்பொருள் பிழையல்ல, நெறிமுறையே அப்படி. ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யூடிபி 623 போர்ட்டை றவுட்டரில் வெளியே திறந்துவிடுவது கதவைத் திறந்து போட்டதற்குச் சமம். வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக மட்டும் போங்கள், கடவுச்சொல்லைச் சரிபார்க்காமலே உள்ளே விடும் சைஃபர் 0ஐ மூடுங்கள், 20 எழுத்துக் கடவுச்சொல் வையுங்கள். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை எழுதினால் ஷெல் வரலாற்றில் தங்கிவிடும், கோப்பிலிருந்து படிக்க விடுவது மேல்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையை இது அனேகமாகச் சொல்லாது. அதற்கு ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி வேண்டும். அதன் பட்டியலில் டிஸ்க்கின் பழுதான பகுதிகளைக் காட்டும் 5, 197, 198ஆம் வரிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளைப் பாருங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் மெகாரெய்ட் கார்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளுக்கு 'மெகாரெய்ட்' என்ற வகையையும் டிஸ்க் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சாதாரண டெஸ்க்டொப்பைச் சேர்வராக ஓட்டும் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஐபிஎம்ஐடூல் உதவாது, அவற்றில் பெரும்பாலும் பிஎம்சியே இருக்காது. அங்கே வெப்பத்தைக் காட்டும் எல்எம்-சென்சர்ஸ் போட்டு, பயோஸில் கரண்ட் வந்ததும் எழும்பும் அமைப்பை இயக்கிவிட்டால் போதும்.