ஓட்டல் பாரில் ரெட் ஒயின் வாங்குகிறீர்களா? முதலில் கார்க்கைப் பாருங்கள்

கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல் பார். போன சித்திரையில் அங்கே நடந்தது இது. பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து ரெட் ஒயின் கொஞ்சம் பழக்கம். பெரிய ரசிகன் எல்லாம் இல்லை, நல்லதா கெட்டுப்போனதா என்று சொல்லத் தெரியும். அன்றைக்குத் தங்கை வீட்டுக்காரர் கோபியிலிருந்து வந்திருந்தார். மஞ்சள் நல்ல விலைக்குப் போன சந்தோஷம் அவருக்கு. ஒயினைத் தொட்டதே இல்லை என்றார். சரி, நம்ம செலவில் காட்டுவோம் என்று கூட்டிப் போனேன்.

மெனுவில் நடு விலையில் நாசிக் ஷிராஸ் ஒன்று இருந்தது, 2,900 ரூபாய். ஷிராஸ் என்பது ஒரு கருந்திராட்சை வகை, அதில் செய்யும் ரெட் ஒயினுக்கும் அதே பெயர். வெளியே வாங்குவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பார் என்றால் அப்படித்தான், அதில் எனக்குக் கோபம் இல்லை.

பாட்டில் வந்தபோதே கார்க்கை மூடியிருக்கும் கழுத்து உறை வெட்டியிருந்தது. கார்க் பாதி வெளியே நின்றது. "ஏனுங் தம்பி, இங்கே வச்சுத் திறக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். "காத்தாட வச்சா நல்லா இருக்கும்னு உள்ளேயே திறந்துட்டோம் சார்" என்றார். இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். கனமான ஷிராஸை அரை மணி நேரம் காற்றாட விடுவது உண்மையிலேயே வழக்கம்தான். ஆனால் காற்றாட வைத்தவர்கள் எதற்குக் கார்க்கைத் திரும்பச் செருகினார்கள்? அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றினார். பாட்டில் வேர்த்துக் கொட்டும் அளவுக்கு ஜில்லென்று இருந்தது. வெளியே அடித்த வெயிலுக்கு அதுவே சுகமாகப் போக, ஒரு வாய் குடித்துத் தலையாட்டிவிட்டேன். இரண்டு கிளாஸையும் நிரப்பிவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸின் குளிர் இறங்க இறங்க வாடை எழும்பியது. அசல் நெயில் பாலிஷ் ரிமூவர். அதற்கு அடியில் ஊசிப்போன புளிக்கரைசல். அந்த மங்கல் வெளிச்சத்தில் நிறம் தெரியாததால் செல்போன் டார்ச்சைப் போட்டு, வெள்ளை நாப்கின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். லேபிளில் இருந்த வருஷப்படி அதற்கு முழுசாக இரண்டு வயதுகூட இல்லை. அந்த வயது ஷிராஸ் நாவல்பழச் சாறு மாதிரிக் கருஞ்சிவப்பாக இருக்கும், ஓரத்தில் ஊதா ஓடும். இதற்கு ஓரமெல்லாம் கருப்பட்டிக் காபி நிறம்.

"மச்சான், இது இப்படித்தானுங்களா இருக்கும்?" என்றார் மாப்ள, முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு.

புதிதாகக் குடிக்கிறவர்கள் குழம்புவது இங்கேதான். ரெட் ஒயினில் துவர்ப்பு இருக்கும். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டேனின் அது. நாவல்பழம் தின்றால் நாக்கும் கன்னமும் இழுக்குமே, அதே இழுப்பு. ஓரளவு புளிப்பும் இருக்கும், வாயில் எச்சில் ஊறவைக்கும். இரண்டுமே குறை கிடையாது. தொண்டையைச் சுரீர் என்று அரிக்கும் காடிப் புளிப்பு வேறு சங்கதி. திறந்த பாட்டில் நாள்கணக்கில் கிடந்தால் காற்றும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கிவிடும். காடி என்பது அதுதான்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "ரெட் ஒயின் பழசாக ஆகத்தான் சார் ருசி" என்றார். பழசாக வேண்டியது மூடிய பாட்டிலில், அதுவும் எல்லா ஒயினும் இல்லை. இந்த விலைச் சரக்கு பெரும்பாலும் வாங்கி மூன்று நான்கு வருஷத்துக்குள் குடித்து முடிக்கச் செய்வது. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார்: "நீங்க டேஸ்ட் பார்த்து ஓகே சொன்னீங்களே சார்."

கார்க்கை உருவிப் பார்த்தேன். ஒயினைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிமுனைதான் சிவப்பாகக் கறைபட்டிருக்கும், மேல்முனை வெளுப்பாக இருக்கும். எங்கள் பாட்டிலில் கறைபட்ட முனை மேலே இருந்தது. முன்னொரு நாள் திறந்து, ஊறிய முனை திரும்ப நுழையாமல் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். ஊற்றியது போக மீதியையும் அளந்து பார்த்தேன். புது பாட்டிலில் ஒயின் கழுத்துவரை நிற்கும். இதில் இரண்டு கிளாஸ் ஊற்றியதுமே கால் பாட்டில்தான் மிஞ்சியிருந்தது. கிளாஸ் கணக்கில் விற்று மிஞ்சியது என்பது என் கணக்கு.

கார்க்கைக் காட்டியதும் மேனேஜர் பேசவில்லை, பணத்தையும் விடவில்லை. பில்லில் பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னதும் உடனே எடுத்துவிட்டார்கள். ஒயின் காசைக் கட்டிவிட்டு, கார்க், பில், லேபிள் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தாயிற்று. இதுவரை பணம் வரவில்லை.

நான் செய்திருக்க வேண்டியது என்னவென்றால், உறை வெட்டிய பாட்டிலை அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். முதலில் ஊற்றும் அந்த ஒரு விரற்கடை, பிடிக்கிறதா என்று பார்க்க அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. ரொம்ப ஜில்லென்று வந்தால் கிளாஸை உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றி, முகர்ந்து, அப்புறம்தான் தலையாட்ட வேண்டும். குளிர் வாடையை அமுக்கிவிடும். ரெட்டுக்கு 16 முதல் 18 டிகிரி போதும்.

போன மாதம் பெங்களூர் போனபோது அதே ஷிராஸை வாங்கி வந்து வீட்டில் திறந்தேன். நாவல்பழம், கொஞ்சம் மிளகு, கடைசியில் சுத்தமான துவர்ப்பு. தயாரித்தவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. மாப்ளயும் வந்திருந்தார். கிளாஸை அப்புறம்தான் எடுத்தார். முதலில் கார்க்கை வாங்கி இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேராத்தானுங்க மச்சான் இருக்குது" என்றார்.