எவர்சில்வர் கிரில் அடுப்பு: காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று நம்பிவிடாதீர்கள்

மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ வைக்க கிரில் அடுப்பு செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? அதுவும் கடலுக்குப் பக்கத்தில் வீடா? முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 38,000 ரூபாய் கொடுத்து ஒரு கரி அடுப்பு செய்து வாங்கினேன். ஒரு வடகிழக்குப் பருவமழையைக்கூட அது தாங்கவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இது ஒரு பட்டறையோடு முடிகிற விஷயம் இல்லை. கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று எவர்சில்வரில் செய்கிற எதிலும், மலிவான வகையை 304 என்ற உயர்ந்த வகை என்று சொல்லி விற்கிற இதே ஏமாற்று நடக்க வழி இருக்கிறது.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இங்கே ஜன்னல் கம்பிகூட பெயின்ட் அடித்த வேகத்தில் துருவேறும். அதனால் பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன்: அடுப்பு வெட்டவெளியில் நிற்கும், மழை நேரடியாக விழும், உப்புக்காற்று உண்டு. அவர் ஒரு தகட்டை எடுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். காந்தம் வழுக்கி விழுந்தது. "பாருங்க சார், ஒட்டவே இல்லை. அசல் த்ரீ நாட் ஃபோர். மழையில அப்படியே விட்டுடுங்க, கவர்கூட வேணாம், ஆயுசுக்கும் துரு வராது." வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனிலும் 'எஸ்.எஸ். 304' என்றே எழுதியிருந்தார் (எஸ்.எஸ். என்றால் எவர்சில்வர்). அடுப்போடு வந்த பில்லில் மட்டும் 'எஸ்.எஸ். கிரில் - 1' என்றுதான் இருந்தது.

இந்தக் காந்த வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எஃகு. நிக்கல் விலை அதிகம். அதனால் நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்து மலிவாகச் செய்கிற வகைகள் உண்டு. 201, 202 என்று 200 வரிசையில் வருபவை அவை. வீட்டுக்குள் பாத்திர ஸ்டாண்ட், நாற்காலி செய்ய அவை போதும். அவற்றிலும் காந்தம் ஒட்டாது. அதாவது 202-ஐ 304 என்று சொல்லி விற்பவனைக் காந்தத்தால் பிடிக்கவே முடியாது. இன்னும் மோசம், அசல் 304 தகட்டை மடித்து வளைத்தால் அந்த மடிப்பில் காந்தம் லேசாக ஒட்டும். நேர்மையாகச் செய்தவனின் அடுப்பைப் போலி என்று ஒதுக்கிவிட்டு, போலியைத் தலையில் கட்டிக்கொள்ள வைக்கிற சோதனை இது. 430 போன்ற நிக்கலே இல்லாத வகையைக் கண்டுபிடிக்க மட்டும்தான் காந்தம் உதவும்.

செப்டம்பரில் அடுப்பு வந்தது. முதல் தடவை கரி மூட்டியபோதே அடித்தட்டிலிருந்து பெயின்ட் தீய்கிற நாற்றம். ஐப்பசி மழை பிடித்ததும் வெல்டிங் போட்ட மூலைகளில் தேநீர்க் கறை நிறத்தில் கோடுகள் இறங்கின. கார்த்திகைக்குள் அடித்தட்டில் விரல் நுழைகிற ஓட்டை. போன் செய்தால், "கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது?" என்கிறார். கடல் காற்று என்று சொல்லித்தானே ஆர்டர் கொடுத்தேன்!

அப்புறம் 'சர்வீஸ்' என்று ஒரு பையனை அனுப்பினார்கள், அதற்கும் 1,500 ரூபாய். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் செய்தான். பாத்ரூம் கழுவுகிற ஆசிடை ஊற்றி, இரும்பு நாரால் தேய்த்தான். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. ஒரே வாரத்தில் முன்பைவிட மோசமாகப் புள்ளிபுள்ளியாகத் துரு கிளம்பியது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேலே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். அந்த ஆசிடில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத்தான் தின்னும். உப்புக்காற்று செய்வதும் அதே வேலைதான். இரும்பு நார் உதிர்க்கிற துகள்கள் மேலே ஒட்டிக்கொண்டு அவையும் துருப்பிடிக்கும். யாராவது உங்கள் அடுப்பில் ஆசிட் ஊற்ற வந்தால் விடாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரும் கூடாது. சோப்புத்தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். லேசான கறைக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்துத் துடைத்துக் கழுவலாம்.

இந்த ஏமாற்று மாட்டியது எப்படி என்றால், பேட்டரியோடு வரும் 304 சோதனை மருந்து ஒன்று வாங்கினேன். எவர்சில்வர் வேலை செய்கிறவர்களும் காயலான் கடைக்காரர்களும் வைத்திருப்பதுதான். தகட்டில் ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு அதிகமுள்ள 200 வரிசையாக இருந்தால் சொட்டு சிவக்கும். என் அடுப்பில் தொட்ட இடமெல்லாம் சிவந்தது. அது மட்டும் புகாருக்குப் போதாது என்று ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டி, மாங்கனீசு 9-க்கு மேல் என்று அறிக்கை வந்தது. அடித்தட்டு எவர்சில்வரே இல்லை, சாதாரண எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல் இரும்புத் தகட்டில் சில்வர் பெயின்ட்.

அறிக்கையைக் காட்டியதும் பேச்சு மாறியது. அடித்தட்டை மட்டும் ஜி.ஐ. தகட்டில் மாற்றித் தருகிறோம், அது துருவே பிடிக்காது என்றார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஜி.ஐ. தகட்டின் மேல்பூச்சு துத்தநாகம். அது சுமார் 420 டிகிரியில் உருகிவிடும். கரி நெருப்பு அதைவிடச் சூடு. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்பது வெல்டிங் தொழிலில் இருக்கிற அவர்களுக்குத் தெரியாதா? பிள்ளைகள் சுற்றி நின்று சாப்பிடுகிற அடுப்பு அது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கரி படுகிற எந்த இடத்திலும் ஜி.ஐ. வேண்டாம்.

கவர் கதையும் இருக்கிறது. முதலில் வேண்டவே வேண்டாம் என்றவர், துரு வந்த பிறகு 2,200 ரூபாய்க்கு ரெக்சின் கவர் விற்றார். உள்ளே துணி ஒட்டியது, காற்றுப் போக ஓர் ஓட்டைகூடக் கிடையாது. மழை விட்டு வெயில் வந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டும், துணி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நேராக விழுந்து கழுவிய மேல்மூடி ஓரளவு சுத்தமாக இருந்தது. உப்பு படிந்து, மழையே படாத அடிப்பக்கம்தான் அதிகம் துருப்பிடித்தது. கடற்கரையில் எவர்சில்வர் இப்படித்தான் நடந்துகொள்ளும். மூடி வைப்பதைவிட அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவது முக்கியம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பு, அதில் கழுவினால் பயனில்லை. மெட்ரோ தண்ணீரோ மழைத்தண்ணீரோதான் சரி. கவர் போடுவதானால் அடியில் காற்று நுழையும்படி தளர்வாக, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு போடுங்கள், வெயில் நாளில் கழற்றிவிடுங்கள். சாம்பலை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும். நனைந்த சாம்பல் காரமாகி, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தகட்டை அரிக்கும்.

எம்.எஸ். அடுப்பே போதும் என்றாலும் தவறில்லை, அதை எம்.எஸ். என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால். வெளிப்பக்கத்துக்கு 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிற அலுமினியம் பெயின்ட் அடிக்கலாம். கறி வைக்கிற கம்பிக்குப் பெயின்ட் கூடாது, எண்ணெய் தடவிப் பழக்கினால் போதும். கடலுக்கு மிகவும் கிட்ட இருப்பவர்களுக்கு 304-லும் கறை வரும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-தான் அங்கே நிற்கும். விலை கூடுதல் என்றாலும், நேர்மையான பட்டறைக்காரர் இதை முதல் நாளே சொல்லியிருப்பார். வெல்டிங்குக்கு 304 என்றால் 308எல் கம்பியும், 316 என்றால் 316எல் கம்பியும்தான் போடுவீர்களா என்றும் கேளுங்கள். பில்லில் கிரேடு எண்ணை எழுதித் தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் கொட்டேஷன், பில், பரிசோதனை அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே புகார் கொடுத்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

உத்தரவு வந்ததும் இங்கே எழுதுகிறேன். சோதனை மருந்து பாதி பாட்டிலுக்கு மேல் மீதி இருக்கிறது. திருவான்மியூர், அடையாறு பக்கம் யாராவது அடுப்போ கேட்டோ செய்து வாங்குவதாக இருந்தால் கேளுங்கள், தருகிறேன்.