பௌர்ணமிக்கு இன்னும் 29 நாள்: பெர்சோனா 3 ரீலோட்

கடலூர்க்காரர்களுக்குப் பௌர்ணமியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதாமாதம் கிரிவலத்துக்குக் கிளம்பும் கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். 2004 டிசம்பர் 26ம் ஒரு பௌர்ணமி நாள்தான். அன்று கடல் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குள் வந்தது. ஏழு வருடம் கழித்து 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையைக் கடந்தபோது கதை வேறு. நாள் தெரியும், நேரம்கூட ஏறக்குறைய தெரியும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது, அம்மா குடத்திலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறார், நான் மொட்டை மாடியில் கிடந்த தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டுகிறேன். வரப்போவது தெரிந்த பிறகு கழிகிற அந்த இரண்டு நாளில் ஒரு டீ குடிப்பதுகூட வேறு மாதிரி இருந்தது. எனக்கு அது இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

பெர்சோனா 3 ரீலோட் அந்த இரண்டு நாளை 80 மணி நேரத்துக்கும் மேலாக நீட்டி வைத்திருக்கும் வீடியோ கேம். இதை இப்படித்தான் என்னால் சொல்ல முடிகிறது.

முதலில் அடிப்படை விவரம். ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு (பி.எஸ்.2) கொண்டுவந்த பெர்சோனா 3இன் ரீமேக் இது, 2024 பிப்ரவரி 2 அன்று வெளியானது. நான் விளையாடியது பி.எஸ்.4இல், புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கிய பழைய டிஸ்க்கில். முடிக்க எனக்கு 85 மணி நேரம் ஆனது. தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம்: இதில் வரும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சக்தியை வெளியே அழைப்பதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தலையில் வைத்து அழுத்துகிறார்கள். குண்டு கிடையாது, ஆனால் பார்க்க உறுத்தும். கதையோடு போகப் போக அதன் காரணம் புரியும், சாவை ஒரு நொடி நேருக்கு நேர் பார்க்காமல் உள்ளே இருக்கிற ஆள் வெளியே வரமாட்டான் என்கிறது கேம்.

அந்த உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான் பெர்சோனா என்று பெயர். லத்தீனில் அது நாடகக்காரர்கள் போடும் முகமூடி. கார்ல் யுங் அதை உளவியலுக்கு எடுத்துக்கொண்டு, ஊருக்குக் காட்டும் முகம் பெர்சோனா, நாம் ஒளித்து வைப்பது நிழல் என்றார். கேமில் எதிரிகளின் பெயரும் நிழல்தான். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய தத்துவமாகவே படாது, வேஷம் கட்டிய பிறகு ஆடுவது யார் என்ற கேள்வி விடிய விடியக் கூத்தில் உட்கார்ந்த யாருக்கும் வந்திருக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். (இனி கதையைக் கொஞ்சம் உடைப்பேன்.) கடலை ஒட்டிய ஒரு ஜப்பான் நகரம், 2009 ஏப்ரல். பெற்றோரை இழந்த பையன் ஒருவன் புதிய பள்ளிக்கு வருகிறான். வந்த இரவே ஒரு சிறுவன் அவனிடம் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து கேட்கிறான். உனக்கு ஒரு வருடம் என்கிறது கேம். ஒவ்வொரு நள்ளிரவும் யாருக்கும் தெரியாத ஒரு மணி நேரம் வருகிறது, ஊர் ஜனம் சவப்பெட்டிகளாக நிற்கிறது, அவனும் அவன் விடுதிக் கூட்டாளிகளும் படிக்கும் பள்ளி இருந்த இடத்தில் டார்டரஸ் என்ற கோபுரம் முளைக்கிறது. கிரேக்கப் புராணத்தில் டார்டரஸ் என்பது பாதாளத்துக்கும் கீழே இருக்கும் குழி. அதைத் தலைகீழாகத் திருப்பி வானத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள், 250க்கும் மேற்பட்ட மாடி. மேலே போகப் போக உண்மையில் இறங்குகிறோமோ என்ற உணர்வு எனக்கு வந்துகொண்டே இருந்தது.

மாதத்துக்கு ஒரு பௌர்ணமி, பௌர்ணமிக்கு ஒரு பெரிய சண்டை. ஏப்ரல் 9, மே 9, ஜூன் 8, ஜூலை 7 என்று போகும், 2009 பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு நாள் முன்னே பின்னே பொருந்துகிறது. திரையின் மூலையில் எப்போதும் ஒரு சின்ன நிலா, இன்னும் எத்தனை நாள் என்று காட்டியபடி. நடுவில் இருக்கும் நாட்களில் என்ன செய்வோம்? பள்ளிக்குப் போவோம், பரீட்சை எழுதுவோம், ராமென் கடையில் சாப்பிடுவோம், ஒரு வயதான தம்பதியின் பழைய புத்தகக் கடையில் போய் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்போம். அம்மா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, ஒரு வாரமா அந்தப் பையன் ஸ்கூலுக்குத்தான் போயிட்டிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம்மா, அதுதான் விளையாட்டு என்றேன். சண்டை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், காத்திருப்புதான் ஒரு மாதம். அந்த மாதத்தை எப்படிச் செலவழித்தாய் என்பதுதான் சண்டையில் உன் பலமாகத் திரும்ப வருகிறது, ஏனென்றால் யாரோடு பழகுகிறாயோ அவர்களின் டாரட் (குறி சொல்லும் சீட்டுக்கட்டு) சீட்டைச் சேர்ந்த பெர்சோனாக்கள் உன் கையில் வலுப்பெறும்.

இங்கேதான் புராணம் வருகிறது, நான் இந்தக் கேமை மனதில் வைத்துக்கொண்டதும் இங்கேதான். பையனின் முதல் பெர்சோனா ஆர்ஃபியஸ். இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் வரை போய், திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனையை மீறி அவளை இழந்த கிரேக்கப் பாணன். நமக்கு உடனே சாவித்திரி ஞாபகம் வரும், நம் வீட்டுப் பெண்கள் காரடையான் நோன்பு இருப்பது அவளுக்காகத்தான். அவள் எமன் பின்னாலேயே நடந்து, பேசிப் பேசியே சத்தியவானை வாங்கி வந்தாள். ஆனால் கதையில் நாம் வேகமாகத் தாண்டிவிடும் ஓர் இடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே நாரதர் சொல்லிவிடுகிறார், இன்றிலிருந்து சரியாக ஒரு வருடத்தில் இவன் இறப்பான் என்று. தெரிந்தே கட்டிக்கொள்கிறாள். அந்த ஒரு வருடம் அவள் காட்டில் மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்துகொண்டு, மனசுக்குள் நாளை எண்ணிக்கொண்டே இருந்தாள். எமனோடு பேசியது ஒரு பொழுதுதான், அந்த ஒரு வருடத்தை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. பெர்சோனா 3 அதை மட்டும்தான் சொல்கிறது.

புதுச்சேரியில் 1910 முதல் 1950இல் மறையும் வரை இருந்த அரவிந்தர் சாவித்திரியைப் பெருங்காவியமாக எழுதியதும் இந்த மண்ணில்தான் என்பதால், ஆசிரமம் இருக்கும் தெரு வழியாக வேலைக்குப் போகும்போதெல்லாம் இந்த ஒப்பீடு என்னைப் பின்தொடர்ந்தது.

அடுத்தது ஜடாயு என்ற பெர்சோனா. டாரட்டில் சூரியன் சீட்டின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஜடாயுவின் அப்பா அருணன், சூரியனின் தேரோட்டி, அதனால் இடம் சரிதான். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனவர்களுக்கு ஜடாயு குண்டம் தெரியும், ராமர் ஜடாயுவைத் தகனம் செய்த இடம் என்று காட்டுவார்கள். ஊரின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர், அதில் வரும் புள் ஜடாயு என்றும் ஊர் என்பது சூரியன் என்றும் அங்கே சொல்வார்கள். ஆக, ஜப்பான்காரர்கள் சேர்த்து வைத்த ஜோடி நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது! இதைக் கண்டுபிடித்த அன்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவர் டிவி முன்னால் வந்து உட்கார்ந்து அந்தப் பறவையை ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்தச் சூரியன் சீட்டுக்கு உரிய மனிதன் அகினாரி. பிறவியிலேயே வந்த, குணமாகாத நோய், நாட்கள் எண்ணப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், நோட்டில் ஓர் இளஞ்சிவப்பு முதலையின் கதையை எழுதிக்கொண்டிருப்பான். எதற்குப் பிறந்தேன் என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி, அதை அழாமல், பெரும்பாலும் கோபப்படாமல், சில நாள் கோபத்தோடும், உன்னிடம் கேட்பான். கதையை முடித்து நோட்டை விட்டுவிட்டுப் போகிறான். சிறகு வெட்டுப்பட்ட ஜடாயுவும் அப்படித்தானே, சீதையை மீட்க முடியவில்லை, ஆனால் ராமர் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து சேதியைச் சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த இரண்டு பேரையும் ஒரே சீட்டில் வைத்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களா என்பது முக்கியமில்லை. வைத்திருக்கிறார்கள், எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லாத் தெய்வங்களுக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலித் தீவின் பாரோங், ரங்டா என்ற இரண்டு பெர்சோனாக்களை இணைத்தால் சிவன் வருகிறார். பாலிக் கூத்தில் முடிவே இல்லாமல் சண்டை போடும் அந்த இரண்டு பேரைச் சேர்த்தால் சிவன் என்பது அழகான யோசனை, ஆனால் வந்த பிறகு அவர் ஒரு நல்ல ஆயுதம், அவ்வளவுதான். சிதம்பரம் இருக்கும் மாவட்டத்தில் பிறந்துவிட்டு அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. விஷ்ணுவுக்கும் அதே நிலைமை. கிரேக்கப் பக்கத்துக்கு மட்டும் கதையோடு வேர் இருக்கிறது: இரவின் தேவி நிக்ஸ், அவள் பிள்ளைகளான சாவும் உறக்கமும் இரட்டையர்கள். சாவை உறக்கத்தோடு சேர்த்துப் பார்த்த வள்ளுவரைப் படித்த நமக்கு அந்தக் குடும்பம் அந்நியமாகத் தெரியாது.

குறைகளும் உண்டு. கோபுரம் ஏறுவது நடுவில் அலுத்துப்போகிறது, நிறம் மாறுகிறதே தவிர மாடிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கதை நத்தை மாதிரி நகரும். எதிர்க்கூட்டத்தில் வரும் மூன்று பேருக்கும் இன்னும் ஆழம் தந்திருக்கலாம். 2006 பதிப்பில் அதிக நேரம் ஏறினால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், மறுநாளும் சோர்வு இருக்கும், அதனால் இன்றா நாளையா என்று யோசிக்க வேண்டியிருந்தது, ரீலோடில் அந்தக் கட்டு தளர்ந்துவிட்டதால் ஒரே இரவில் ஏறி முடித்துவிடலாம். சண்டையும் சாதாரண நிலையில் சுலபம், ஆகவே கடினமான நிலையை எடுத்துக்கொள்ளுங்கள், பௌர்ணமிக்குப் பயம் இல்லாவிட்டால் காத்திருப்புக்கு அர்த்தம் இல்லை. கையடக்கப் பதிப்பில் இருந்த பெண் நாயகியை எடுத்துவிட்டார்கள், கதையின் பின்பகுதியைத் தனியாகக் காசுக்கு விற்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம்.

ஆனால் டிசம்பருக்குப் பிறகு வரும் கேமுக்கு ஈடாக நான் எதையும் விளையாடியதில்லை. வருவது எது, எந்த நாள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஜனவரி 31. எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கும் வழி ஒன்றும் தருகிறார்கள், டிசம்பர் 31 அன்று நாமே முடிவு செய்ய வேண்டும். மறக்காமல் இருக்கத் தேர்ந்தெடுத்தால் ஜனவரி முழுக்க அதே பள்ளி, அதே ராமென் கடை, அதே புத்தகக் கடைத் தாத்தா பாட்டி. ஒன்றும் மாறவில்லை, திரையில் நாள் மட்டும் குறைகிறது. அந்த மாதத்தில் நான் எந்த உரையாடலையும் தள்ளிவிட்டுப் போகவில்லை, கடையில் நிற்கும் பெயர் தெரியாத ஆட்களிடம்கூடப் போய்ப் பேசினேன்.

இப்போது இரண்டாவது ஆட்டம் தொடங்கியிருக்கிறேன். சேவ் இருக்கும் தேதி செப்டம்பர் 5, அடுத்த பௌர்ணமி அக்டோபர் 4, இன்னும் 29 நாள். அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் போய்விடுவான், என்ன செய்தாலும் தடுக்க முடியாது. முதல் தடவை அவனோடு அதிகம் பேசவில்லை, முரட்டு ஆள் என்று விலகியே இருந்துவிட்டேன். அவனுக்குச் சமைக்கப் பிடிக்கும். இந்தத் தடவை ராத்திரிகளில் கோபுரத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, விடுதி அடுப்படியில் அவன் பக்கத்தில் நிற்கிறேன்.