மீட்டர் வைத்துப் பார்க்காமல் "பேட்டரி பத்தல" என்று சொல்லும் கார் ஆடியோ கடை: கவனம்

பினாங்கின் செபராங் பிறை பக்கம் காருக்கு ஆம்ப்ளிஃபையர் (சத்தத்தைக் கூட்டும் கருவி, சுருக்கமாக ஆம்ப்), வூஃபர் (அடி ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்) போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆம்ப் ஏன் அணைந்து போகிறது என்று கேட்டதும், மீட்டரைக் கையில் எடுக்காமலே "பேட்டரி பத்தல அண்ணே" என்று சொல்கிற கடையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கட்டாதீர்கள். எனக்கு ஒரு கடை அப்படிச் சொல்லியே புது பேட்டரி ஒன்றும், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று விடும் கெப்பாசிட்டர் ஒன்றும் விற்றது. அடுத்து, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரையும் தலையில் கட்டப் பார்த்தது. கோளாறு இருந்ததெல்லாம் அவர்கள் இழுத்த வயரிலும், அவர்களே பொறுக்கிக் கொடுத்த வூஃபரிலும்தான்.

கார் பழைய பெரோடுவா மைவி 1.3. எனக்கு உறுமி மேளம் கேட்க வேண்டும். கதவில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பீக்கரில் தவில் வரும், உறுமியின் அடி ஓசை வராது. கடைக்காரர் நம்ம ஆள், பேச்சும் இனிமை. நான்கு சேனல் (தனித்தனி வெளியீடு) ஆம்ப், 12 அங்குல டபுள் காயில் வூஃபர், அதற்குப் பெட்டி, முன்கதவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், "4 கேஜ்" (வயர் தடிமன் அளவு) வயர் செட், கூலி, எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி. ஆம்பின் முதுகில் பெரிய எழுத்தில் 2000 வாட் என்று போட்டிருந்தது.

ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொல்லை. இரவில் மேளம் உச்சத்துக்குப் போனால் ஹெட்லைட் கண் சிமிட்டும். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் ஏறி நடுவில் போவதற்குள் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிடும். ஆறவிட்டால் திரும்ப வரும். கடையில் சொன்னேன். "என்.எஸ். 40 தாங்காது அண்ணே, 60 போட்டுருவோம்" என்றார்கள். என்.எஸ். 40, 60 என்பது பேட்டரி சைஸ். 340 வெள்ளி. மைவியின் பேட்டரி தட்டு 40க்கு அளவெடுத்தது. 60 அதைவிட நீளம். தட்டில் உட்காராததைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டி அனுப்பினார்கள். தொல்லை அப்படியே. அப்புறம் ஒரு ஃபாராட் (கொள்ளளவு) கெப்பாசிட்டர், 180 வெள்ளி. அதுவும் போட்டாயிற்று, சிவப்பு விளக்கு எரிவது மட்டும் நிற்கவில்லை. நடுவில் ஒரு திங்கள்கிழமை காலை கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன பதில்: "ஆல்டர்னேட்டர் வீக், 850 ஆகும்."

என் மச்சான் பிறையில் கார் வயரிங் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரும், வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் அளக்கிற கிளாம்ப் மீட்டருமாக வந்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். "ஆல்டர்னேட்டர் நல்லாத்தான இருக்கு மாப்ள" என்றார். பிறகு மேளத்தை அலறவிட்டு இரண்டு இடத்தில் அளந்தார். பேட்டரியில் 13.4, பூட்டில் (காரின் பின்னால் சாமான் வைக்கும் இடம்) ஆம்பின் முனையில் 11.9. ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரியில் இருக்கிற மின்சாரமே ஆம்புக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அதைவிடப் பெரிய பேட்டரி வைத்து என்ன பயன்?

அந்த வயரைக் கத்தியால் சீவிக் காட்டினார். மேலே தோல் விரல் தடிமன், உள்ளே கம்பி மெலிசு. செம்பு நிறம் மேல்பூச்சுதான்; சுரண்டினால் வெள்ளையாக அலுமினியம். செம்பு பூசிய அலுமினியக் கம்பி, அதே தடிமனுள்ள செம்பில் சுமார் அறுபது சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதைப் போடுவதென்றால் ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும். இவர்கள் போட்டது சைஸிலும் சின்னது. மின்சாரம் காரின் தகடு வழியாகத் திரும்பிப் போக உதவும் எர்த் வயரைப் பூட்டில் பெயிண்ட் சுரண்டாமலே ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு முடுக்க வேண்டிய இடம் அது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஃபியூஸைப் பார்த்தபோதுதான். மெயின் வயரின் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இவர்கள் பூட்டில், ஆம்ப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரியிலிருந்து பூட் வரைக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வயர் எந்த ஃபியூஸ் காப்பும் இல்லாமல் ஓடுகிறது. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. அந்த விளிம்பு உரசி உரசி வயரின் தோலில் ஏற்கெனவே ஒரு கீறல். அது முழுதாக அறுந்து தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரியின் மொத்த மின்சாரமும் அந்த வயரில் பாயும், தடுக்க ஒன்றுமில்லை. பின்சீட்டில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

அடுத்தது வூஃபர். டபுள் காயில் (உள்ளே இரண்டு கம்பிச்சுருள்), ஒவ்வொரு காயிலும் 4 ஓம் (மின்தடை அளவு; அது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும்). இரண்டையும் பேரலலில் (பக்கம் பக்கமாக) சேர்த்தால் 2 ஓம், சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்தால் 8. ஆம்பின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் (ஒன்றாகச் சேர்த்தால்) குறைந்தது 4 ஓம். கடைக்காரர் பேரலலில் சேர்த்து பிரிட்ஜில் மாட்டியிருந்தார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சேனலும் 1 ஓம் சுமையைச் சுமக்கிறது. ஆம்ப் சூடேறி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? வயரைக் கழற்றிவிட்டு வூஃபர் முனையில் மீட்டர் வைத்தால் 1.8 காட்டியது, 2 ஓம் சுமை என்றால் மீட்டரில் அவ்வளவுதான் வரும். பார்க்க அரை நிமிஷம் ஆகாது. இந்த ஆம்புக்கு வாங்கியிருக்க வேண்டியது இரட்டை 2 ஓம் வூஃபர். சீரியஸில் சரியாக 4 வரும். அவர்கள் கொடுத்த வூஃபரை 2 ஓமில் மாட்டினால் ஆம்ப் அணையும், 8 ஓமில் மாட்டினால் பவர் பாதியாகும். இரண்டுங்கெட்டான்.

அந்த 2000 வாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பில் இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ். 40 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 576 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். இது கிளாஸ் ஏபி ஆம்ப், தாராளமாகப் பார்த்தாலும் அறுபது சதவீதம் சத்தமாக வரும், மிச்சம் சூடு. ஆக 350 வாட்டை ஒட்டி. கிளாஸ் டி என்றால் எண்பது சதவீதம்கூட வரும், அப்போதும் 2000 எங்கே இருக்கிறது? கடைக்குள் நின்றுகொண்டே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் பவர்) எவ்வளவு, எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள். சி.டி.ஏ. 2006 (ஆம்பின் பவரை அளக்கும் அமெரிக்கத் தரமுறை) முத்திரை உள்ள ஆம்ப் என்றால் 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் போகாத சிதைவு என்ற கணக்கில் அளந்திருப்பார்கள். "மேக்ஸ்" என்ற எண்ணை நான் இனி படிப்பதே இல்லை.

கெப்பாசிட்டர் வேறு கூத்து. 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்வரை ஒரு ஃபாராட் தரக்கூடியது 26 ஜூல். 500 வாட் இழுக்கிற ஆம்புக்கு அது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குக் காணும். ஒரு அடிக்குச் சரி, மேளத்துக்கு? நீல நிறத்தில் வோல்ட் காட்டுவது அழகாக இருக்கிறது, அவ்வளவே. பேட்டரி பெரிதானாலும் எஞ்சின் ஓடும்போது ஆம்புக்குச் சோறு போடுவது ஆல்டர்னேட்டர்தான். என்.எஸ். 40-இன் 35 ஆம்பியர் மணி, என்.எஸ். 60-இல் 45 ஆனதில், எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, திங்கள்கிழமை கார் ஏன் படுத்தது? ஆம்பை எழுப்புகிற ரிமோட் வயரை ரேடியோவின் நீலம்-வெள்ளை வயரில் சேர்க்க வேண்டும். இவர்கள் எப்போதும் மின்சாரம் இருக்கிற மஞ்சள் வயரில் முறுக்கியிருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் ஆம்ப் தூங்கவில்லை. கிளாம்ப் மீட்டரில் ஒரு ஆம்பியர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய கார் திங்கள் காலைவரை நின்றால் 45 ஆம்பியர் மணி காலி. இதற்குத்தான் 850 வெள்ளிக்கு ஆல்டர்னேட்டர்!

மச்சான் நல்ல செம்பு வயர் இழுத்து, ஃபியூஸை முன்னால் மாற்றி, எர்த்தைச் சுரண்டிப் பிடித்து, இப்போதைக்கு வூஃபரை 8 ஓமில் மாட்டிக் கொடுத்தார். சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஜார்ஜ்டவுன் போய்த் திரும்பும்வரை அணைவதில்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "வயரிங்குக்கு வாரண்டி இல்ல" என்றார் அதே இனிமையோடு. ரசீதில் "சவுண்ட் செட் 1,850" என்று ஒரே வரி. ஆம்ப் மாடல், வூஃபர் ஓம், வயர் செம்பா அலுமினியமா என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். நான் வயரைச் சீவியது, மீட்டர் காட்டியது எல்லாவற்றையும் படமெடுத்து பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் பதிந்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பதிந்த பிறகு கடையிலிருந்து ஃபோன்: கெப்பாசிட்டரைத் திருப்பிக் கொண்டுவந்தால் 100 வெள்ளி தருவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை கடைப் பெயரைக் கேட்காதீர்கள்.