விடியற்காலை நான்கு மணிக்கு எடுக்காத டீசல் வண்டி: நீலகிரிக் குளிரில் ஐந்து ஆண்டு அனுபவம்

கேத்தி பாலாடாப் பகுதியில் கேரட் அறுவடை நள்ளிரவு தாண்டியதுமே தொடங்கிவிடும். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையிலேயே கொண்டு சேர்க்க வேண்டும். அதனால் என் பிக்கப் வண்டி நான்கு மணிக்கு எடுத்தே தீர வேண்டும். 2020 டிசம்பரில் அது எடுக்க மறுத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று பனிக்காலம் ஆனது. மலைப்பகுதியில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் என்னைப் போல் பணத்தை இறைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வண்டி 2008 மாடல். நான்கு சிலிண்டர், கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய வகை என்ஜின். பகலில் தொட்டவுடன் எடுக்கும். உறைபனி விழுந்த விடியலில் மட்டும் செல்ஃப் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை பொங்கும், என்ஜின் பிடிக்காது. தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்காற்று கனமானது என்பதால் இரவில் பள்ளத்தில்தான் வந்து தங்கும். மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் ஈரம். கீழே கொட்டகை அருகே புல்லெல்லாம் வெள்ளை. வேறு வழியில்லாமல் இரவில் வண்டியை மேட்டுச் சாலையின் இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, காலையில் உருட்டி இரண்டாவது கியரில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆண்டு பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். 6,500 ரூபாய். அடுத்த ஆண்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் மாற்றினார்கள். 2,800 ரூபாய். இரண்டு முறையும் வண்டியைப் பட்டறைக்கு நான் கொண்டுபோனது பதினொரு மணி வெயிலில். முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான என்ஜின் அங்கே அரைச் சுற்றில் எடுத்துவிடும். கோளாறே தெரியாத நேரத்தில் கோளாறைத் தேடியிருக்கிறோம். மூன்றாவது ஆண்டு இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும் என்றபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. குன்னூரில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "தம்பி, வண்டி எடுக்காத நேரத்தில் அளந்து பாருங்கள். இங்கே கொண்டுவந்தால் அது நல்ல பிள்ளையாக நிற்கும்" என்றார். என்னென்ன அளக்க வேண்டும் என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

புகையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குக் கண் திறந்தது. வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். அப்படியென்றால் டீசல் சிலிண்டர் வரை போய்ச் சேர்கிறது. அது எரியச் சூடு போதவில்லை. குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைத்திருக்கும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். அப்படி அடைத்தால் புகையே வராது, அல்லது எடுத்த சிறிது நேரத்தில் நின்றுபோகும். இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கி, குழாயில் காற்று புகுந்திருந்தாலும் முதலில் புகை இருக்காது. கைப்பம்பை அழுத்தினால் சரியாகும். என் வண்டியில் இவை எதுவும் இல்லை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைந்தது. பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக், அதாவது எடுக்கும் முன் சிலிண்டருக்குள் மின்சாரத்தால் சூடேற்றும் சிறு கம்பி. ஆக, சுற்றும் வேகம், பிளக்கின் சூடு என்று பார்க்க வேண்டியவை இரண்டே.

2023 ஜனவரியில் ஒரு விடியல். டார்ச் ஒரு கையில், 450 ரூபாய் மல்டிமீட்டர் மறு கையில். என் மனைவி சாவியைத் திருப்பினார். நிற்கும்போது பேட்டரி 12.5 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.6. இது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை என்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்து மறுபடி சுற்றச் சொன்னேன். 1.6 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. பேட்டரியில் வோல்ட் நன்றாக நிற்கும்போதே செல்ஃப் தள்ளாடுகிறது என்றால், வழியில் எங்கோ தடை இருக்கிறது.

தடை கியர்பாக்ஸுக்கு அடியில் இருந்தது. சேஸிஸையும் என்ஜினையும் இணைத்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழி தரும் எர்த் பட்டை, பின்னிய செம்புக் கம்பி. மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தி விரலால் வளைத்தேன். பச்சைப் பொடியாக உதிர்ந்து, உள்ளே நாலைந்து இழைகளே மிச்சம் நின்றன. போல்ட் உட்காரும் இடத்தில் துரு ஒரு தோல் போலப் படர்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும் வரை தேய்த்து, புதுப் பட்டை மாட்டினேன். 180 ரூபாய். அளவு 0.2-க்கு இறங்கியது. செல்ஃப் சுற்றிய சத்தமே வேறு.

ஆனாலும் என்ஜின் மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தது. வெள்ளைப் புகையும் போகவில்லை. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் என்ஜினுக்கும் இடையே தடையை அளந்தேன். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். ஒரே ஒரு பிளக்தான் அப்படிக் காட்டியது. மற்ற மூன்றும் செத்துக் கிடந்தன. டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு இத்தனை நாளும் ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. என் வண்டியில் அந்த விளக்கு டைமரோடு மட்டும் இணைந்தது. பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நான்கு புதுப் பிளக் 1,800 ரூபாய்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எடுக்காத வண்டிக்குக் காற்றுக்குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும், எரியும் துணியைக் காட்டுவதும் இன்னும் நடக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஸ்பிரே அடிக்காதீர்கள். சூட்டில் சிவந்த பிளக்கில் பட்டுக் குழாயிலேயே வெடித்துப் பற்றலாம், பிஸ்டனும் உடையலாம். அருகே நிற்பவரின் முகமும் கையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அதன்பின் இரண்டு பனிக்காலம் முழுதாகப் போய்விட்டது. விளக்கு அணைந்தபின் மேலும் ஐந்து விநாடி பொறுத்துச் சாவியைத் திருப்புகிறேன். முதல் முறையிலேயே எடுக்கிறது. கடும் உறைபனியில் அரை நிமிடம் லேசான வெள்ளைப் புகை வரும், பிறகு நின்றுவிடும். என்ஜின் ஆயிலை 20டபிள்யூ-40-இலிருந்து, குளிரில் அதைவிட இளக்கமாக இருக்கும் 15டபிள்யூ-40-க்கு மாற்றினேன். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எர்த் பட்டை தந்த வித்தியாசத்தோடு ஒப்பிட முடியாது. 14 மாதத்தில் மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் மறுபடி போனது. கிடைத்ததை வாங்கி மாட்டியிருந்தேன். இப்போது நான்கையும் ஒரே தயாரிப்பாகப் போட்டிருக்கிறேன்.

இந்த நவம்பர் முதல் வாரத்தில், பனி விழும் முன்பே அளந்துவிட்டேன். பிளக்குகள் 0.9, 0.9, 1.0, 0.9 ஓம். எர்த்தில் 0.2 வோல்ட். வண்டி இப்போது கீழே கொட்டகைக்குப் பக்கத்திலேயே, சமதளத்தில் நிற்கிறது.