அங்கிளா, மாமாவா, பெரியப்பாவா, அண்ணாச்சியா?

போன வாரம் நாகர்கோவில் வடசேரியில் தக்கலை பஸ் ஏறினேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன், "அங்கிள், இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க" என்றான். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், அதெல்லாம் சரி, ஆனால் இவனுக்கு அண்ணா என்று கூப்பிட என்ன கேடு என்று பார்வதிபுரம் வரை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. லத்தீனில் 'அவுஸ்' என்றால் தாத்தா, 'அவுன்குலுஸ்' என்றால் குட்டித் தாத்தா. அந்தக் குட்டித் தாத்தாதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கிள் ஆனார். லத்தீன்காரர்கள் அதை எல்லாருக்கும் சொல்லவில்லை, தாய்மாமனுக்கு மட்டும்தான். அப்பாவுடன் பிறந்தவருக்கு 'பத்ரூயுஸ்' என்று வேறு சொல் இருந்தது. பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே தாய்மாமனுக்கு 'ஏம்', அப்பாவின் சகோதரனுக்கு 'ஃபெதெரா' என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். 1066இல் நார்மன்காரர்கள் வந்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வரிசையாக உள்ளே நுழைந்தன, கொஞ்ச காலத்தில் இரண்டு பழைய சொல்லும் போய் எல்லாரும் அங்கிள் ஆனார்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை வீட்டு மாமா, சித்தியின் கணவர், அத்தனை பேருக்கும் ஒரே சட்டை.

அந்தச் சட்டை எங்கே பொருந்தாமல் போகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, பெரியப்பா இறந்தபோது லீவு கேட்டு எழுதினான். அங்கிள் நெருங்கிய உறவுப் பட்டியலில் வராது என்று பதில் வந்தது. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததும், விமானம் ஏற்றிவிட்டதும் பெரியப்பாதான். தமிழில் சொன்னால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு அப்பா இருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியதும் அந்த அப்பா உதிர்ந்து போய்விட்டார். அவன் வந்து சேர்ந்தது பதினாறாம் நாளுக்குத்தான்.

மாமா கதை வேறு. நாஞ்சில்நாட்டில் தாய்மாமன் என்றால் காது குத்துக்கு மடி கொடுப்பவர் மட்டுமில்லை. ஒரு காலத்தில் சொத்தே அவர் வழியாகத்தான் இறங்கியது. மருமக்கள்வழி என்ற அந்த ஏற்பாட்டில் காரணவர் எனும் குடும்பத் தலைவரின் நிலமும் வீடும் அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். இதனால் மனைவி மக்கள் பட்ட பாட்டைத் தேரூர்க்காரரான கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடியே காட்டினார், 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இவ்வளவு கனமான ஆளை அங்கிள் என்று கூப்பிட்டால் அந்தக் காலத்தில் சொத்து கைக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் மாமாவை வெளியாளிடம் பயன்படுத்துவதில் சிக்கல் உண்டு. இளவட்டப் பையன் ஒருவன் கடைக்காரரை மாமா என்று கூப்பிட, கல்லாவில் அவர் மகள் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் நிற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மாமா மகள் முறைப்பெண் ஆயிற்றே. சென்னைப் பக்கம் போனால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் வந்துவிடும், அதை இங்கே எழுத வேண்டாம்.

கடை, சந்தை, பஸ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் அண்ணாச்சியை அடிக்க ஆளில்லை. வயது, முறை எதுவும் கேட்காது, மரியாதை குறையாது, விலை குறைத்துக் கேட்கவும் வாகாக இருக்கும். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் மட்டும் சேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அப்போ அங்கிளுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. நண்பனின் அப்பாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாதபோது, சாதி, முறை எதையும் கிளறாமல் நழுவ அதைவிட நல்ல சொல் இல்லை. இதற்காகவே அதை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். வெள்ளைக்காரர்களும் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை: பழைய பிரிட்டிஷ் கொச்சையில் அங்கிள் என்றால் அடகுக்கடைக்காரர், அமெரிக்கச் சிறுவர்கள் சண்டையில் 'அங்கிள் என்று சொல்' என்றால் தோற்றேன் என்று ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

வில்லுக்குறியில் அந்தப் பையன் இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். அவனுக்குப் பின்னால் ஏறிய பெரியவர் ஒருவரைக் கண்டக்டர் "பாட்டா, மெதுவா ஏறுங்க" என்றார். அவருக்கு மிஞ்சிப்போனால் அறுபது இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன், எழுந்து என் சீட்டைக் கொடுத்தேன். "உட்காருங்க அண்ணாச்சி" என்றேன்.