ஸ்டிக்கர் தாள்: வீட்டு இங்க்ஜெட்டா, டிஜிட்டல் அச்சகமா?

குழந்தையின் நோட்டுப் புத்தகங்களுக்குப் பெயர்ச்சீட்டு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சிறு ஓவியம், பரிசுப் பொட்டலத்துக்கு ஒரு வாழ்த்து என்று பலவற்றையும் ஒரே ஏ4 தாளில் வடிவமைத்து முடித்ததும், அதை வீட்டிலேயே அச்சிடுவதா, அச்சகத்துக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுகிறது. பலரும் தாளின் விலையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஸ்டிக்கர் எதன்மேல் ஒட்டப்படும், அதை யார் வெட்டுவது என்ற இரண்டையும் முதலில் கேட்பதே சரி என்பது என் கருத்து.

இங்க்ஜெட் வகையைச் சேர்ந்த வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டுமே பிக்மென்ட் மை, அதாவது நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை. மற்ற நிறங்கள் நீரில் கரையும் டை மை. நோட்டுப் புத்தகத்துக்கு இது போதும். தண்ணீர் பாட்டிலில் ஒட்டினால், மேலே லேமினேஷன் படலம் இல்லாதபோது நிறம் கசிந்துவிடும். அச்சகத்தின் லேசர் வகை இயந்திரம் டோனர் என்னும் நிறத்தூளை வெப்பத்தால் தாளில் உருக்கிப் பதிப்பதால் அந்த நிறம் நீரில் கரையாது. ஆனால் காகித ஸ்டிக்கரின் தாளே ஊறிப்போகும் என்பதால், அங்கும் கிழியாத பிளாஸ்டிக் தாளையோ வினைலையோ கேட்டு வாங்க வேண்டும். இங்க்ஜெட்டுக்கென்று விற்கப்படும் வினைல் தாளை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் செலுத்தக்கூடாது. உள்ளிருக்கும் சூட்டில் அது உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

உண்மையான வேறுபாடு வெட்டுவதில்தான் இருக்கிறது. மேல்தாளை மட்டும் வெட்டிப் பின்தாளை அப்படியே விடுவதைக் கடைகளில் ‘ஹாஃப் கட்’ என்பார்கள். ஒரு தாளிலிருந்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும் இன்பம் இதனால்தான் கிடைக்கிறது. கத்தரிக்கோலால் இது இயலாது; கத்தியைக் கொண்டு கையால் செய்தால் அழுத்தம் ஒரே சீராக இராது. கிரிகட், சில்லவெட் போன்ற வீட்டு வெட்டுக்கருவிகள் தாளில் அச்சான குறிகளைப் படித்து வெட்டுகின்றன என்றாலும், அக்குறிகள் தாளின் ஓரத்தில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அச்சகத்தின் 12×18 அங்குலத் தாளிலோ இரண்டு ஏ4 வடிவமைப்புகள் அடங்கும். எங்கு வெட்டினாலும் கத்தி சற்று விலகத்தான் செய்யும்; படத்தைச் சுற்றி 2 முதல் 3 மி.மீ. வெள்ளை விளிம்பு விட்டால் அந்த விலகல் கண்ணில் படாது.

படத்தின் தெளிவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே கணக்குதான்: அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், 5 செ.மீ. அகல ஸ்டிக்கருக்கு ஏறத்தாழ 590 பிக்சல் வேண்டும்.

தமிழில் பெயர் எழுதுவோருக்கு வீட்டு அச்சில் ஒரு பெரிய நிம்மதி உண்டு: திரையில் தெரிந்த எழுத்தே தாளிலும் வரும். அச்சகக் கணினியில் நம் எழுத்துரு இல்லாமலோ மென்பொருள் பழையதாகவோ இருந்தால், ‘கோ’வின் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கோமதி’ என்ற பெயரே சிதைந்து வரக்கூடும். பெயர்ச்சீட்டில் பெயர் சிதைவதைவிட வேறென்ன கெடுதல் வேண்டும்? எனவே எழுத்துகளையெல்லாம் எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவாக, அதாவது ‘கர்வ்ஸ்’ ஆக மாற்றிய பிறகே பிடிஎஃப் கோப்பை அனுப்ப வேண்டும்.

ஐந்தாறு தாள்கள் மட்டும் தேவை, அவையும் புத்தகங்களுக்கு என்றால் நான் வீட்டு இங்க்ஜெட்டையே தேர்வேன். பாட்டில், சாப்பாட்டு டப்பா, வண்டி ஆகியவற்றுக்கு என்றால், முதலில் வீட்டில் சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, அதை வெட்டி அந்தப் பொருளின்மேல் வைத்து அளவு பார்த்துவிட்டு, ஹாஃப் கட்டும் லேமினேஷனும் சேர்த்து அச்சகத்தில் கொடுப்பேன்.